தயிர் சாதத்தில் மறைந்த மாத்திரை

தயிர் சாதத்தில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வீடுகள் சென்னையில் எத்தனை என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. ஆனால், மனநல மருத்துவர்களின் அறைக்கு வெளியே காத்திருக்கும் தாய்மார்களிடம் பத்து நிமிடம் பேசினால் போதும். காலைக் காபியில் நாலு சொட்டு, இரவு ரசத்தில் ஆறு சொட்டு என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. "கலர் இல்லாம, கசப்பு இல்லாம, தண்ணி மாதிரி ஏதாவது இருந்தா எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களில் படிக்காதவர்களும் உண்டு, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. மகன் குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்த சின்ன பாட்டிலை எடுப்பது, மூடியைச் சத்தம் வராமல் திருகுவது, கலந்த டம்ளர் வேறு யார் கைக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது... இப்படியே பத்து வருடம் ஓடியிருக்கும்.

இதைச் சென்னையிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டி.என்.சீனிவாசனும் ஆர்.தாராவும், மனச்சிதைவு நோயாளி மருந்தை மறுக்கும்போது குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று 2002-இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயாளிக்குத் தெரியாமல் உணவில் மருந்தைக் கலப்பது இங்கே அரிதான வழக்கமாக இல்லை என்பது அதில் பதிவாயிற்று. வெளிநாட்டு வாசகருக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல், சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல், சில சமயம் சொந்த மகளுக்கே தெரியாமல் ஒரு நோயை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்கும் குடும்பத்துக்கு வேறு வழி என்ன இருந்தது?

அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்தத் தலையங்கத்தின் நோக்கமில்லை. அவரைத் தனியாக விட்டவர்கள் நாம் எல்லோரும். மருந்து வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் அதை அவருடைய பிடிவாதமாகவோ அந்த வீட்டின் தலையெழுத்தாகவோ எண்ணி ஒதுங்கிக்கொள்கிறோம். மறுப்புக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தில் பாதி அவருடைய உடம்புக்கும் மனசுக்கும் வெளியே, மருத்துவமனையிலும் கடையிலும் தெருவிலும் சட்டத்திலும் கிடக்கும். ஆகையால் அதைச் சரிசெய்யும் வேலையிலும் பாதி வெளியில் இருப்பவர்களுடையது.

கலந்து கொடுப்பதில் என்ன தவறு, குணமானால் சரிதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதலாவது, மருத்துவக் காரணம். மெல்ல மெல்லக் கரைந்து இருபத்துநாலு மணி நேரம் வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும். லித்தியம் போன்ற மருந்துக்கு இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகிவிடும். குளோசபின் சாப்பிடுபவருக்கு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். தான் மருந்து சாப்பிடுவதே தெரியாத ஒருவரை இரத்தம் கொடுக்க எப்படிக் கூப்பிடுவது? கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால் அது மருந்தால் என்று யார் அவரிடம் விளக்குவது? அவர் அன்றைக்குப் பாதிச் சோற்றை மீதி வைத்தால் மருந்திலும் பாதிதான் உள்ளே போயிருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. யாரோ தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று நம்புவது மனச்சிதைவின் அறிகுறிகளில் ஒன்று. அப்படி நம்பும் ஒருவர், அம்மா காபியில் எதையோ ஊற்றுவதை ஒருநாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டால்? அவருடைய சந்தேகம் அந்த நிமிடம் உண்மையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மருந்து மட்டுமில்லை, சாப்பாடும் இறங்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பல குடும்பங்களுக்கு இன்னும் எட்டவில்லை. 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்கிறது. என்ன சிகிச்சை, ஏன், வேறு என்ன வழி என்று புரிந்துகொண்டு தன் முடிவைச் சொல்ல முடிந்தவரின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. நோய் முற்றிய வேளையில் அந்தத் திறன் குறையலாம். அப்போது என்ன செய்வது என்பதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தெளிவாக இருக்கும் காலத்திலேயே, 'எனக்கு மறுபடி இப்படி ஆனால் இந்தச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச நியமனப் பிரதிநிதி ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கல்லூரி நண்பராகவும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும், பிரதிநிதி உடனிருந்தால் அவர் ஒப்புதலோடு, 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவரைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை அனுமதிக்கலாம். அதற்குள்ளும் ஏழு நாளுக்கு ஒருமுறை, இப்போது தானே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது முழுத் தடை.

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராமல் போகாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாமே ஈவிரக்கம் அற்றவை என்று சொல்லிவிட முடியாது. மருந்து சாப்பிட மறுக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் போனவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். உணவில் மருந்து கலக்கும் வீடும் கேட்க ஆளில்லாத வீடுதான். அதனால்தான் முன்கூட்டிய அறிவுறுத்தலைப் பற்றி மயிலாப்பூர், அடையாறு மருத்துவர்கள் ஒவ்வொரு குடும்பத்திடமும் நோயாளி தெளிவாக இருக்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும் என்கிறோம். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அப்படி ஒரு தாள் இருப்பதையே கேள்விப்படாத குடும்பங்கள் இருப்பது மருத்துவத் துறைக்குப் பெருமை தராது.

மறுப்பை எப்படி எதிர்கொள்வது என்று உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் சென்னையும் ஒன்று. இதை நாம் மறந்துவிட்டோம்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, பாலும் முட்டையும், மாதக் கணக்கில் ஓய்வு என்று உலகம் நம்பிய காலம் அது. ஒரு பிரிவினரை சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பிரிவினரை அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயே, அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வைத்தும், இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்குக் கூடுதலாகத் தொற்றும் பரவவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி மாத்திரைப் பிரச்சினை. ஐசோனியாசிட்டோடு அப்போது கொடுத்த பாஸ் மருந்து தினமும் பல கிராம் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டும். நோயாளிகள் அதை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்தார்கள்? அதை அறிய மைய ஊழியர்கள் வீட்டுக்கே போய் மீதி மருந்தை எண்ணினார்கள், முன்னறிவிப்பின்றிச் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். மையத்தைத் தொடக்கத்தில் நடத்திய வாலஸ் ஃபாக்ஸ், தானே மருந்து எடுத்துக்கொள்ளும் நோயாளியின் பிரச்சினை என்று 1958-இலேயே தனிக் கட்டுரை எழுதினார். பின்னர் வாரம் இரண்டு முறை கண் முன்னே மருந்து கொடுக்கும் முறையை இங்கேயே சோதித்தார்கள். 'டாட்ஸ்' என்று பின்னாளில் உலகமெங்கும் பரவிய திட்டத்துக்கு வேர் இங்கே இருந்தது.

இந்தக் கதையை நாம் பாதியோடு நிறுத்திச் சொல்கிறோம். கண்காணிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு சேர்ந்து நடந்த மற்ற வேலையை விட்டுவிட்டோம். சேத்துப்பட்டு மையத்தின் ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். வராதவரைத் தேடிப் போய் ஏன் என்று கேட்டார்கள். விழுங்க முடியாத மருந்து என்று தெரிந்ததும், விழுங்கக்கூடிய வேறு கூட்டு மருந்து எது என்று ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தார்கள். நோயாளியின் மறுப்பு மருந்து முறையையே மாற்றியது. மாத்திரை விழுங்கினாரா என்று பார்ப்பதோடு நின்ற இடங்களில் 'டாட்ஸ்' ஒரு வருகைப் பதிவேடாகச் சுருங்கிப்போனது. 1997-இல் தொடங்கிய நம் தேசியத் திட்டம், வாரம் மூன்று நாள் மையத்துக்கு வா என்றது. தினக்கூலிக்காரர் மூன்று நாள் கூலியை இழந்தா மாத்திரை விழுங்குவார்? தினசரி மருந்து முறைக்கு நாடு முழுக்க மாற 2017 ஆயிற்று.

இன்றைய தி.நகருக்கு வருவோம். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடையின் விடுதியில் ஒரே அறையில் பலர். அவர்கள் உலகத்தை 2010-இல் 'அங்காடித் தெரு' படம் காட்டியது; நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டமே திருத்தியது. அந்த விடுதியில் ஒரு பையனுக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில், அவன் எடைக்கு ஏற்ப மூன்றோ நாலோ மாத்திரை. ரிஃபாம்பிசின் சேர்ந்திருப்பதால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். பொதுக் கழிவறையில் பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிட்டால்? சிலருக்குக் கால் எரிச்சல், சிலருக்கு வாந்தி. மருந்து ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இருமல் நின்று, காய்ச்சல் போய், கன்னம் கொஞ்சம் தேறியிருக்கும். "நல்லாயிட்டேன், எதுக்கு இன்னும்?" என்று அவனுக்குத் தோன்றும். இன்னும் நாலு மாதம் பாக்கி. விட்ட இடத்தில் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம். அதே அறையில் படுத்திருப்பவர்களுக்கும் போகலாம்.

இந்தப் பையனிடம் போய் உனக்குப் பொறுப்பு இருக்கிறதா என்று கேட்பது எளிது. கடை முதலாளியிடம் யார் கேட்பது? நோயைச் சொன்னால் அன்று மாலையே பெட்டியைக் கட்டச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை அவன் மாத்திரை அட்டையைத் தலையணை உறைக்குள்தான் வைப்பான். முறையான மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டும். வேலை போகாது, முதல் சில வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, விடுதியில் ஜன்னல் திறந்திருக்கும் என்று மூன்று உறுதிகள் கொடுத்தால் போதும். ஊட்டச்சத்துக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. தீபாவளிக்கு ஒரு கடை வைக்கும் பேனர் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முட்டை வாங்கலாம் என்று முதலாளிகளே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மயிலாப்பூரின் மறுப்பு வேறு வகை. அது சத்தம் போடாது. வாங்கி வைத்த மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை அறை வெள்ளிக்கிழமை வரை நிறைந்தே இருக்கும். கேட்டால், "போட்டுண்டேனே" என்பார் மாமி. பிள்ளை நியூ ஜெர்சியிலிருந்து வீடியோவில் கேட்கும்போது டப்பாவைத் திறந்து காட்டத் தெரிந்தவருக்கு, அதைக் குப்பையில் கொட்டவும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீடித்த நோய்க்காரர்களில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள். சென்னை நீரிழிவு மருத்துவர் மோகன் குழுவினரின் இந்திய நீரிழிவு ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் கணக்கிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் ஒரு மாமியின் பிடிவாதம் இல்லை என்பது தெரியும்.

அவர் ஏன் போடவில்லை? இதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஒரு காரணம், "சுகர் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்ற நம்பிக்கை. உண்மை நேர்மாறு, கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைத் தின்கின்றன. ஆனால், மாத்திரை போட்டுக்கொண்டிருந்த மாமாவுக்கு டயாலிசிஸ் ஆனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு காணொளியும் வருகிறது. அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கும் மருத்துவரைவிட, உட்கார வைத்துக் கேட்கும் காணொளிக்காரர் அவருக்கு நம்பகமாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? இன்னொன்று, எண்ணிக்கை. இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று மூன்று டாக்டர்கள் எழுதிய சீட்டில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு முறை இருப்பதும் நடக்கிறது. தலை சுற்றியதும் அவரே ஏதோ ஒன்றை நிறுத்துகிறார். எதை நிறுத்த வேண்டும் என்று தெரியாததால் தப்பானதை நிறுத்துகிறார். ஏகாதசி, சஷ்டி என்று விரத நாட்களில் சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்தே நிற்கும். ரமலானுக்கு முன்பே நோன்பாளிகளுக்கு மருந்து நேரத்தை மாற்றித் தரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு முன் அப்படி ஒரு பேச்சு நடப்பது குறைவு.

நீர் மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவருக்குக் காலில், நுரையீரலில் தேங்கும் நீரை இறக்க ஃப்ரூசமைடு கொடுக்கிறார்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஆறு மணி நேரம் வரை அடிக்கடி கழிவறை போக வைக்கும். எழுபது வயதுப் பெண்மணி காலையில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய், மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து மந்தைவெளி திரும்ப வேண்டும். நடுவில் அவர் தைரியமாகப் போகக்கூடிய, சுத்தமான, தண்ணீர் வருகிற, கால் மடங்காதவர் உட்காரக்கூடிய கழிவறை எங்கே? ஆகவே வெளியே போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். மார்கழியில் தினமும் கச்சேரி. மாதம் முழுக்க விட்டுவிடுகிறார். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், "மருந்து ஒழுங்கா சாப்பிட மாட்டாங்க" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும். அந்தக் குறிப்பில் மாநகராட்சியின் பெயர் இருக்காது. மருத்துவரிடம் கேட்டிருந்தால், வீடு திரும்பிய பிறகு மாலை நாலு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பலருக்குச் சொல்லியிருப்பார். அதை அவர் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஆண் டாக்டரிடம், பின்னால் நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது, இதையா பேசுவார்?

ஆண்களிடமும் இப்படிப் பேசாத விஷயம் உண்டு. இரத்த அழுத்த மருந்துகளில் சிலவும் மனநல மருந்துகளில் பலவும் தாம்பத்தியத்தைப் பாதிக்கும். நாற்பத்தைந்து வயதுக்காரர் அதைச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்; காரணம் கேட்டால் "பிபி நார்மல் ஆயிடுச்சு சார்" என்பார். ஒலான்சபின் சாப்பிட்டுப் பத்துக் கிலோ ஏறிய கல்லூரிப் பெண், கண்ணாடியைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் துப்பினால் அவளுக்கு நோய்பற்றிய புரிதல் இல்லை என்று எழுதிவிடுவது அவசரம். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், தினமும் விழுங்குவதற்குப் பதில் மாதம் ஒரு ஊசி போதுமா என்று அவளிடமே கேட்கலாம். மருத்துவர் முதலில் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். "இதுல எது பிடிக்கல, எது விட்டுப்போகுது?" என்ற ஒற்றைக் கேள்வி பத்து அறிவுரையைவிட அதிகம் வெளியே கொண்டுவரும்.

அடுத்து, மருந்துக் கடைக்காரர். தென்சென்னையில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. மாதா மாதம் முழு மாத மருந்து வாங்கியவர் திடீரென்று "ஒரு அட்டை மட்டும் குடுப்பா" என்றால் அவர் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போட ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். இதை முதலில் கவனிக்க முடிந்தவர் கடைக்காரர்தான். பணம்தான் காரணம் என்றால் 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்தையோ மக்கள் மருந்தகத்தையோ காட்டிவிட்டால் வியாபாரம் கொஞ்சம் குறையும். ஆனால், ஆள் இருப்பார். மருந்தாளுநர் படிப்பு முடித்தவர் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பது விதி. பல கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் நிற்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முதலில் அதைக் கவனிக்கட்டும்.

அரசின் பக்கம் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. சேத்துப்பட்டு மையம் அதற்கு அறுபத்தைந்து வருடம் முன்பு தொடங்கிச் செய்ததன் நீட்சி என்றே சொல்லலாம். ஆனால், மருந்தைக் கையில் கொடுத்து டிக் அடிப்பதோடு வேலை முடிந்தால் அதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும். மீதி மாத்திரையைப் பார்க்கவும், ஏன் மீதி என்று கோபமில்லாமல் கேட்கவும், கேட்டதை மருத்துவரிடம் சேர்க்கவும் அந்த ஊழியருக்கு நேரமும் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. நடுத்தர வர்க்க வீடுகள் 'அது ஏழைகளுக்கு' என்று கதவைச் சாத்தவும் கூடாது. மனநலத்துக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது. அந்த எண்ணை மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் லாரிக்காரர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க எந்தச் சங்கமும் தீர்மானம் போட வேண்டியதில்லை.

வார்டு கவுன்சிலர்கள் கூட்டும் பகுதி சபைகளில் மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் பேசப்படுகின்றன. பேச வேண்டியவைதான். மாட வீதியில் முதியவர்கள் போகக்கூடிய கழிவறையையும், விடுதிகளில் காசநோய்ப் பரிசோதனையையும் அதே பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். காவல் நிலையங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆபத்தான நிலையில் தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பொது சுகாதார நிலையத்தில் சேர்க்க வேண்டியது சட்டப்படி காவல் துறையின் கடமை. 'பைத்தியத்தைப் பிடிச்சிட்டுப் போங்க' என்று போன் செய்யும் குடியிருப்பாளர், அந்த மனிதரின் தாய் போன் செய்தால் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசலாம்.

இத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். எல்லாம் கேட்டு, எல்லாம் புரிந்து, தெளிந்த மனதோடு மறுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. புற்றுநோய் முற்றிய எண்பது வயதுக்காரர் இன்னொரு சுற்று கீமோ வேண்டாம் என்றால், அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கும் ஊர் என்பதற்காக அவரை வற்புறுத்த வேண்டியதில்லை. வலி குறைக்கும் சிகிச்சை அவருக்கு அப்போதும் கிடைக்க வேண்டும். காசநோயில் மட்டும் மற்றவர்களின் மூச்சும் கணக்கில் வருவதால் பேச்சு நீளும். அதுவும் பேச்சாகவே இருக்க வேண்டும்.

மறுத்தவர்களில் பலர் திரும்பி வருவார்கள். ஆறு வாரமோ ஆறு மாதமோ கழித்து, நோய் திரும்பிய பிறகு, கூச்சத்தோடு வருவார்கள். அப்போது ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இத்தனை நாள் எங்க போனீங்க? இஷ்டத்துக்கு நிறுத்துவீங்க, இஷ்டத்துக்கு வருவீங்களா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். அடுத்த முறை அவர் வர மாட்டார். வராததற்கும் அவரையே குறை சொல்வோம். ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, இந்த ஒரு நடைமுறையை நாளையிலிருந்தே மாற்றலாம். இடைவெளிக்குப் பிறகு வருபவருக்கு முதலில் சீட்டு போட்டு உட்கார வையுங்கள். ஏன் வரவில்லை என்பதை மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு, கூட வந்தவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.